வலை விரித்த மறுநாள்

நீர்முட்டிக்குக் காரில் வருகிறவர்கள் இறங்கியதும் முதலில் "வாவ்" என்பார்கள். அடுத்து பாத்ரூம் எங்கே என்று கேட்பார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அழகான ஊர்தான், இல்லையென்று சொல்லவில்லை. பென்னாகரத்துப் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கி வருகிற காட்டாறு, மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி வந்து நிற்கிற இடத்தில் அகலமாக வாயைத் திறந்து அதற்குள் விழுகிறது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் கரைசல், அணைத் தண்ணீர் பச்சை. இரண்டும் உடனே கலந்துவிடாது. சண்டை போட்டுக்கொண்ட புருஷனும் பெண்டாட்டியும் சந்தைக்குப் போகிற மாதிரி கொஞ்ச தூரம் ஒட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் போகும். சாயங்காலம் அக்கரை மலைக்குப் பின்னால் பொழுது இறங்கும்போது தண்ணீர் முழுக்கச் செம்புப் பாத்திர நிறம். ஒருமுறை வந்திருந்த பூகோள வாத்தியார் ஒருவர், "ஒரு கடல் மட்டும் இருந்தா இத கழிமுகம்னே சொல்லலாம்மா" என்றார். கடலுக்கு நான் எங்கே போவேன்? "அடுத்த தடவ வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்க சார்" என்றேன்.

ஊர் எல்லையில் "மீனவர் கிராமம்" என்று பெரிய பலகை இருக்கிறது. அதை வைத்தவன் சந்திரமோகன். தர்மபுரி டவுனில் இருந்து வந்து, பூட்டிக் கிடந்த வீடுகளைக் குத்தகைக்கு எடுத்து, நீலமும் வெள்ளையுமாகப் பெயின்ட் அடித்து, வாடகைக்கு விடுகிற தம்பி. நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் பலகை வைக்கும்போது இங்கே மீன் பிடிக்கிறவன் ஒருத்தனும் இல்லை. தொடர்ந்து தண்ணீர் இல்லாமல் போன வருஷங்களில் ஆண்கள் எல்லோரும் பரிசலையும் வலையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கர்நாடகா டேம்களுக்குப் போய்விட்டார்கள். சிலர் குடும்பத்தோடு போனார்கள். தண்ணீர் திரும்பி வந்தது. ஆட்கள் வரவில்லை.

அவர்கள் விட்டுப்போன பழைய பரிசல்களைச் சந்திரமோகன் மரத்தில் தொங்கவிட்டு ஊஞ்சலாக்கிவிட்டான். நான் சனி, ஞாயிறில் மீன் வறுத்து விற்கிறேன். மீன் ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வருகிறது. "ஃப்ரெஷ்ஷா ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். "இப்பதான் வந்துச்சு" என்பேன். பொய்யில்லை, பெட்டி அப்போதுதான் வந்திருக்கும்.

"வெறகடுப்புல வறுத்தீங்கன்னா இன்னும் கூட்டம் வரும்க்கா. ஜனங்க அதத்தான் போட்டோ எடுக்கறாங்க" என்று சந்திரமோகன் என் பின்னாலேயே நாயாக அலைந்து பார்த்தான்.

"நீ வந்து ஊதறியா?" என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்த அடுப்பை ஊதி ஊதிக் கண் கெட்டது போதும். மகள் சோபனா காரிமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள்தான் கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தாள். வந்த அன்றைக்கே பழைய அடுப்பைக் கடப்பாரையால் இடித்துத் தள்ளினேன். அந்த இடத்தில் இப்போது சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது.

சோபனா போனில் கூப்பிடும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "அந்த ஊர்ல தனியா என்னம்மா பண்ற? இங்க வந்துடேன்." எப்படிப் போவது? நான் பூட்டிக்கொண்டு போன மறுநாள் மாதேஷ் வந்து நின்றால்?

மாதேஷ் என் வீட்டுக்காரர். கட்டினவன் பேரைச் சொல்லக் கூடாது என்பார்கள். ஆள்தான் வீட்டில் இல்லை, பேராவது இருக்கட்டுமே என்று நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். மனசு நன்றாக இருக்கும்போது அவர். கோபம் வந்தால் அவன். லாரி ஏறும்போது, "தை பொறந்தா வந்துடுவேன், அடுத்த தடவ உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். தைகள் பிறந்து பிறந்து பெரிசாகிவிட்டன. முதலில் வாரா வாரம் போன் வந்தது. அப்புறம் மாசத்துக்கு ஒன்று. அப்புறம் அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் கன்னடத்தில் சொன்னாள். அவளையும் கொஞ்ச நாள் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஊரில் பேசாத பேச்சில்லை. அங்கே இன்னொருத்தி இருக்கிறாள் என்றார்கள். இன்னும் வடக்கே ஏதோ காண்ட்ராக்டரோடு போய்விட்டான் என்றார்கள். எந்த டேம் என்று கேட்டால் மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. நான் போன் நம்பரை மாற்றவில்லை. முற்றத்துப் புங்க மரத்தடியில் கவிழ்த்து வைத்திருக்கிற அவருடைய இரண்டாவது பரிசலுக்கு வருஷா வருஷம் சித்திரையில் தார் காய்ச்சிப் பூசினேன். சந்திரமோகன் அதையும் ஊஞ்சலுக்குக் கேட்டான். "இது ஓடற பரிசல் தம்பி" என்றேன். ராத்திரி படுத்தால் பக்கத்தில் கை போய்த் தேடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வயசிலும் தேடும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேறு தண்ணீரில் தொழில் செய்துவிட்டு வருகிறவன் நேராக வீட்டுக்குள் வரக் கூடாது. அக்கரையில் தங்க வேண்டும். பொழுது சாய்கிற நேரத்தில் பரிசலில் வந்து, நம் ஊர்த் தண்ணீரில் தன் வலையை விரித்துவிட்டு, மறுபடி அக்கரைக்கே போய்விட வேண்டும். விடிந்ததும் பெண்டாட்டி வலையின் மிதப்பைப் பார்த்து ஆள் வந்திருப்பதைத் தெரிந்துகொள்வாள். உடனே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். கரைப்பக்கம் போகக் கூடாது, கூப்பிடக் கூடாது. அவன் வலையை இழுத்து, கிடைத்த மீனைக் கொண்டுவந்து வாசலில் நின்ற பிறகுதான் முகத்தைப் பார்க்கலாம். ஏன் இப்படி என்றால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அன்னியத் தண்ணீர் காலில் ஒட்டியிருக்கும், அது கழிய வேண்டும் என்பார்கள். என் மாமியார் மட்டும், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, பொண்டாட்டிக்குக் கோவம் ஆறணும்ல" என்றாள். எனக்கு அவள் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். மிதப்பைப் பார், அடுப்பைப் பற்ற வை, கரைக்குப் போகாதே.

மிதப்பை வைத்து யார் வலை என்று சொல்லிவிடலாம். தேய்ந்த ரப்பர் செருப்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் கோர்ப்பதுதான் எங்கள் மிதப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். எங்களுடையது நீலம். கடைசி முனையில் மட்டும் ஒரு சின்னச் சிவப்புச் செருப்பு, நறுக்காமல் முழுசாக. சோபனா நடை பழகும்போது போட்டது. அவள் கால் வளர்ந்ததும் மாதேஷ் அதைத் தூக்கி எறிய விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் பல் துலக்கக் கொல்லைப்பக்கம் போனேன். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது, கொல்லையில் நின்றால் ஆற்று வாய் முழுக்கத் தெரியும். செம்மண் தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சேருகிற கோட்டின் மேல் நீலப் புள்ளிகள் வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. சந்திரமோகன்தான் பரிசல் சவாரிக்கு ஏதோ கயிறு கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். வரிசை முடிகிற இடத்தில் சிவப்பாக ஒன்று ஆடியது.

வாயில் இருந்த நுரையைத் துப்பக்கூட இல்லை, விழுங்கிவிட்டேன்.

கால் தானாகக் கரைக்குத்தான் போகப் பார்த்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அத்தனை வருஷம் இருந்தவளுக்கு இன்னும் அரைநாள் இருக்க முடியாதா? வழக்கத்தை மீறி ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழியும் என் தலையில்தான் விழும். உள்ளே வந்தேன். கேஸைத் திறந்து, லைட்டரைத் தட்டினேன். மூன்றாவது தட்டில்தான் பற்றிக்கொண்டது. நீலமாக எரிந்தது. எனக்கு அழுகை வந்தது. அடுப்பைப் பார்த்து அழுத பொம்பளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்புறம் வேலை ஓடியது. களிக்கு உலை வைத்தேன். மிளகாயும் மல்லியும் வறுத்து, சின்ன வெங்காயத்தை உரித்து, மிக்சியில் போடாமல் அம்மியில் வைத்து அரைத்தேன். அவருக்கு மிக்சி மசாலா தொண்டையில் இறங்காது. புளியைக் கரைத்து வைத்தேன். இனி மீன் மட்டும்தான் வர வேண்டும். ஐஸ் பெட்டிக்காரன் வந்து ஹாரன் அடித்தான். "இன்னிக்கி வேணாம் போ" என்றேன். "சனிக்கெழமயாக்கா?" என்று அவன் வாயைப் பிளந்தான்.

தலைக்குக் குளித்து, சோபனா எடுத்துக் கொடுத்திருந்த மாம்பழ நிறப் புடவையைக் கட்டினேன். கண்ணாடியில் பார்த்தால் காதோரம் வெள்ளையாக இருந்தது. இருக்கட்டும், அவருக்கு மட்டும் கறுத்துக்கொண்டா போயிருக்கும்? வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக மனசில் அடுக்கினேன். எவ அவ? ஏன் போன் பண்ணல? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா? கடைசியில், சாப்பிட்டியா என்பது மட்டும்தான் வாயில் வரும் என்று எனக்கே தெரிந்தது.

வெயில் ஏறியதும் சந்திரமோகன் ஓடி வந்தான்.

"அக்கா, யாரோ குறுக்க வல போட்டு வெச்சிருக்காங்க. பரிசல் ரவுண்டு போவ முடியல. கஸ்டமர் எல்லாம் கத்தறாங்க. அறுத்து வுட்டுடட்டுமா?"

"அறுத்துப் பாரு" என்றேன். கையில் அரிவாள்மனை இருந்தது, வெங்காயம் நறுக்கத்தான். அவன் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனான். "அது எங்க வூட்டு வல தம்பி. எங்க வூட்டுக்காரரு வந்துட்டாரு."

"வந்துட்டாரா? எங்கக்கா?"

"வருவாரு. நீ மொதல்ல ஒம்பாட்டுக்குப் போ."

அவன் என் புடவையையும் தலையில் இருந்த பூவையும் பார்த்தான். சவாரிக்காரர்களை வலையைச் சுற்றிப் போகச் சொல்லக் கரைக்கு இறங்கினான். நல்ல பையன்தான் என்று சொன்னேனே.

உச்சிப்பொழுது ஆனது. வரவில்லை. வலையை அதிகாலையிலேயே இழுத்துவிடுவதுதான் தொழில். இவ்வளவு நேரம் விட்டால் சிக்கின மீன் செத்து ஊறிப்போகும். வழியில் பரிசலுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ? கொல்லைக்குப் போய்ப் பார்த்தேன். நீலப் புள்ளிகள் அப்படியே இருந்தன. சவாரிக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அதற்கப்பால் தண்ணீர், அதற்கப்பால் தண்ணீர், அக்கரையில் மரங்கள் கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தன. அங்கே ஒரு ஆள் நின்றால் எறும்பு அளவுக்குக்கூடத் தெரியாது.

களி இறுகிவிட்டது. அதை எடுத்து வைத்துவிட்டு மறுபடி உலை வைத்தேன். அடுப்பை அணைக்க மட்டும் மனசு வரவில்லை. சும்மா வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மீன் கேட்டு வந்தவர்கள் கதவைத் தட்டித் தட்டிப் போனார்கள்.

பொழுது மேற்கே சாயச் சாய எனக்குள் கோபம் ஏறியது. இது என்ன விளையாட்டு? வலையைப் போட்டுக் காட்டிவிட்டு அங்கே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறானா? நான் தலைவிரி கோலமாகக் கரைக்கு ஓடி வந்து கூப்பிட வேண்டுமா? வரமாட்டேன். வந்தால் வா, வராவிட்டால் போ. இப்படி வாய்விட்டே சொன்னேன். சொல்லிவிட்டு, அடுப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன்.

வாசலில் செருமல் கேட்டது. பாய்ந்து போனேன்.

முனிராஜ் நின்றிருந்தான். மாதேஷின் சித்தப்பா மகன், அவரோடு அதே லாரியில் போனவன். மீசை பெரிசாகியிருந்தது. கையில் மீன் இல்லை. அவன் பின்னால் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"எங்கடா ஒங்கண்ணன்?"

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். மாம்பழப் புடவை, பூ. அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அண்ணி, நீங்க... ஒங்களுக்கு அண்ணன் வந்தது தெரியுமா?"

"மெதப்பு கண்ணுக்குத் தெரியாமயா போயிடும்? ஆளு எங்கடா?"

"போயிடுச்சு அண்ணி. ஆயித்து, எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு பொழுது சாயற பஸ்ஸுக்குப் போயிடுச்சு. வலைய இழுத்து ஒங்ககிட்ட குடுத்துட்டு வரச் சொல்லி என்ன அனுப்புச்சு." கன்னடம் பேசிப் பேசி அவன் நாக்கில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

அவன் கடகடவென்று சொன்னான். டேமில் மோட்டார் கயிறு சுற்றி மாதேஷின் வலது தோள் பிசகிவிட்டது. கை தோளுக்கு மேலே போகாது. பரிசல் தள்ள முடியாது, வலை இழுக்க முடியாது. மீன் குடோனில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். கை போனதோடு போனையும் தூக்கிப் போட்டார். இங்கே யாரிடமும் சொல்லக் கூடாது என்று முனிராஜிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இன்னொருத்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"வலை இழுக்க முடியாதவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வாசல்ல நிப்பான்னு பொலம்பும் அண்ணி. நாந்தான் அண்ணன இங்க இழுத்துட்டு வந்தேன். வா, நான் வல விரிக்கறேன், காலைல நானே இழுக்கறேன், நீ மீன மட்டும் கொண்டு போய் குடுன்னு. ஒங்கண்ணி அடுப்பு பத்த வெச்சா போறேன்டா, இல்லன்னா திரும்பிடுவேன்னுச்சு. விடியறதுக்கு முன்னயிருந்து அக்கரை மேட்டுல ஒக்காந்து ஒங்க வூட்டுக் கூரையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஏன் அண்ணி பத்த வெக்கல?"

"பத்த வெக்கலயா?" எனக்குக் கத்தல்தான் வந்தது. "வெடியக்காலைல இருந்து எரிஞ்சிட்டு இருக்குதுடா. உள்ள வந்து பாரு!"

அவன் உள்ளே பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தான்.

"பொக எங்க அண்ணி?"

நானும் கூரையைப் பார்த்தேன்.

"பொகதான அண்ணி அக்கரைக்குத் தெரியும்? பொக வந்தா கூப்பிடறாங்கன்னு அர்த்தம். வரலன்னா கோவம் ஆறலன்னு அர்த்தம். எங்கப்பாகூட ஒரு தடவ அப்பிடித்தான் திரும்பிப் போச்சு."

என் மாமியார் எனக்கு அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. மீன் வேக என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அவர் பவானிசாகர் அணைக்குத் தொழிலுக்குப் போய்விட்டு வந்தபோது விறகுதான் எரிந்தது, கூரை வழியாகப் புகை தானாகப் போயிற்று. நான் கண் எரிச்சலில் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டுத்தான் துடுப்பை எடுத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? பொம்பளைகளுக்கு இந்த முனை தெரியும், ஆம்பளைகளுக்கு அந்த முனை தெரியும். நடுவில் இருந்த புகையை நான் கடப்பாரையால் இடித்துத் தள்ளிவிட்டேன்.

"போன் போடுடா!"

"வேற போனு வாங்கிக் குடுத்தேன். அத சுவிட்ச் ஆப் பண்ணி வெச்சிருக்கும் அண்ணி. தொறந்து வெச்சாலும் அக்கரைத் துறைல டவர் கெடைக்காது." போட்டும் பார்த்தான். கிடைக்கவில்லை.

கொல்லைக்கு ஓடினேன். அக்கரையில் ரோடு கரையை ஒட்டித்தான் போகிறது. துறையிலிருந்து கிளம்புகிற பஸ் கொஞ்ச தூரம் தண்ணீர் ஓரமாக வந்து, ஒரு கரட்டுக்கு, அதாவது சின்னப் பாறைக்குன்றுக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்து கொளத்தூருக்குப் போய்விடும். துறையில் மஞ்சளாக ஒரு புள்ளி நின்றிருந்தது. பஸ்தான். இன்னும் கிளம்பவில்லை.

விறகு. வீட்டில் ஒரு குச்சி இல்லை. அடுப்பே இல்லாதவள் விறகு எதற்கு வைத்திருப்பாள்? கொல்லையில் கிடந்த ஓலையும் குளித்த தண்ணீரில் நனைந்து கிடந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். புங்க மரத்தடியில் பரிசல் கவிழ்ந்திருந்தது, சித்திரையில் பூசின தார் பளபளவென்று.

"அண்ணி, அது அண்ணனோட..." என்றான் முனிராஜ்.

"தெரியும், தூக்கு."

இரண்டு பேருமாக அதை மேட்டு விளிம்புக்கு இழுத்துப் போனோம். மீன் வறுத்த பழைய எண்ணெய் ஒரு டின் இருந்தது. அதை அப்படியே மேலே கவிழ்த்தேன். பழைய சேலையைச் சுருட்டி அடுப்பில் காட்டிப் பற்ற வைத்து, பரிசலின் மூங்கில் பின்னலுக்குள் செருகினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு தார் இளகிச் சொட்டியது. குப்பென்று பிடித்தது.

அப்படி ஒரு புகையை நான் பார்த்ததில்லை. கன்னங்கரேல் என்று சுருண்டு சுருண்டு புங்க மரத்துக்கு மேலே, கரண்டுக் கம்பிக்கு மேலே எழும்பியது. கீழே கரையில் இருந்தவர்கள் எல்லோரும் போனைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினார்கள். சந்திரமோகன் இருமிக்கொண்டே ஓடி வந்தான். "ஐயோ அக்கா, ரூமுக்குள்ள எல்லாம் பொக போவுது, என்னக்கா பண்றீங்க?"

"சமைக்கறேன்" என்றேன்.

மஞ்சள் புள்ளி நகர ஆரம்பித்தது. தண்ணீர் ஓரமாகவே வந்தது. நில்லு நில்லு என்று வாய்க்குள் சொன்னேன். நிற்கவில்லை. அதே வேகத்தில் வந்து, கரட்டுக்குப் பின்னால் போய் மறைந்தது.

கரட்டின் மறுமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை நாலு தடவை இழுத்துவிட்டால் பஸ் அங்கே வந்துவிடும், தினமும் பார்க்கிறதுதானே. வரவில்லை. பரிசலின் மூங்கில் ஒவ்வொன்றாக வெடித்தது. முனிராஜ் ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. பஸ் வரவில்லை. நான் கண் சிமிட்டின நேரத்தில் போய்விட்டதோ? புகை கண்ணில் ஏறித் தண்ணீராகக் கொட்டியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுத்துக் காதில் வைத்தேன். அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் உறுமல், யாரோ சீக்கிரம் பேசுங்க என்று அவசரப்படுத்துகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல். இத்தனை வருஷம் என்னை எழுப்பி எழுப்பி விட்ட குரல்.

"ஏண்டி, பரிசலயா கொளுத்துன?"

காலையிலிருந்து அடுக்கி வைத்த கேள்வியில் ஒன்றுகூட வரவில்லை.

"வெறகு பொகன்னா வெள்ளையால்ல இருக்கும். இது தாரு. கரட்டுக்கு இந்தப் பக்கம் வரைக்கும் நாறுது. புத்தி கெட்டவளே, நல்ல பரிசல கொளுத்திட்டியே!" குரல் உடைந்தது. "கண்டக்டர் போன்ல பேசறேன். எறங்கி நிக்கறேன்."

முனிராஜுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேட்டிலிருந்து தன் பரிசலை நோக்கி ஓட ஆரம்பித்தான். வழக்கத்தைப் பார்த்தால் நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நானும் அவன் பின்னாலேயே கரைக்கு இறங்கினேன்.

"கலைமணி" என்றார். "இருக்கியா? வலைய இழுக்க எனக்குக் கை இல்லடி."

"எனக்கு ரெண்டு இருக்குதுய்யா" என்று சொல்லிக்கொண்டே பரிசலில் ஏறினேன்.